சுங்கை சிப்புட்டிலிருந்து நாலு நாளில் பனி பார்த்து வர: எந்த ஊர், எந்தத் துணி, எதில் கவனம்?

தோட்டத்து மகன்:
எல்லாருக்கும் வணக்கம். சுங்கை சிப்புட்டிலிருந்து ஐந்து பேர் கிளம்புகிறோம். நானும் மனைவியும், 7 வயதுப் பையன், 13 வயது மகள், 66 வயது அம்மா. யாரும் பனியைப் பார்த்ததில்லை. கையில் இருப்பது ஒரு வாரக்கடைசியும் அதோடு ஒட்டிய இரண்டு நாள் லீவும். பையன் சறுக்கி விளையாட வேண்டும், அம்மா பனியைத் தொட்டுப் பார்த்தால் போதும். அம்மாவுக்கு இனிப்பு நீர் உண்டு, இன்சுலின் போடுகிறார். மணாலியா, கொரியாவா, ஜப்பானா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பத்துகாஜா:
நாலு நாள் என்றால் மணாலியை இப்போதே தள்ளி வையுங்கள் தம்பி. ஊரில் குறை இல்லை, கணக்குதான் ஒத்துவராது. டில்லிக்கு ஐந்தரை மணி நேரம் பறந்து, அங்கிருந்து சுமார் 540 கிலோமீட்டர், பேருந்தில் 12 முதல் 14 மணி நேரம். போக ஒரு நாள், வர ஒரு நாள் போய்விடும். டிசம்பர், ஜனவரியில் டில்லி மூடுபனியில் விமானம் தாமதமாவது வாடிக்கை. மணாலி 2,050 மீட்டர் உயரம். ஊருக்குள் பனி பெய்யும் வாரமும் உண்டு, பெய்யாத வாரமும் உண்டு. பெய்யாவிட்டால் சோலாங் பள்ளத்தாக்குக்கோ, 2020இல் திறந்த 9 கிலோமீட்டர் அடல் சுரங்கத்தைத் தாண்டிச் சிஸ்ஸுவுக்கோ போக வேண்டும். கனமாகப் பெய்தால் அந்தச் சாலையையே மூடிவிடுவார்கள். பனி குறைந்தாலும் சிக்கல், கூடினாலும் சிக்கல். பத்து நாள் கையில் இருப்பவருக்குத்தான் அது அருமையான இடம்.

கொரியா நாலு நாளுக்குள் அடங்கும். எலிசியன் காங்சோன் சறுக்குத் தளத்துக்குச் சியோலிலிருந்து கியோங்சுன் தடத்து ரயிலிலேயே போகலாம், இறங்கும் நிலையம் பெக்யாங்-ரி. அங்கே சறுக்குப் பாதையில் கிடப்பது பெரும்பாலும் இயந்திரப் பனி. காற்றின் ஈரத்தையும் சேர்த்துப் பார்க்கிற ஈரக்குமிழ் வெப்பநிலை சுமார் மைனஸ் 2 பாகைக்குக் கீழே இறங்கினால்தான் அந்த இயந்திரம் சரியாக ஓடும், கொரியக் குளிருக்கு அது பெரிய விஷயமில்லை. எனவே சறுக்குவதற்குப் பனி உறுதி. ஆனால் சுற்றியுள்ள மலை பழுப்பாகவே இருக்கலாம். அம்மா மரம் மட்டை எல்லாம் வெள்ளையாகப் பார்க்க ஆசைப்பட்டால் ஏமாற்றமாகிவிடும்.

வெள்ளிமலை:
பத்துகாஜா அண்ணன் சொன்னது சரி. உங்கள் நாலு நாளுக்குப் பொருந்துவது ஜப்பானில் நீகாத்தா மாநிலத்து யுசாவா. தோக்கியோவில் ஜோயெட்சு ஷின்கான்சென் அதிவேக ரயில் ஏறினால் சுமார் 80 நிமிடத்தில் காலா யுசாவா நிலையம். டிக்கெட் முகப்பு, வாடகைத் துணி, கம்பியில் தொங்கி மலைக்கு ஏற்றும் பெட்டியான கண்டோலா எல்லாம் நிலையக் கட்டடத்துக்குள்ளேயே இருக்கின்றன. ரயிலை விட்டு இறங்கித் தெருவில் கால் வைக்காமலேயே மேலே போய்விடலாம். வயதானவரைக் கூட்டிப் போகும்போது இதன் அருமை புரியும். அந்த நிலையம் பனிக்காலத்தில் மட்டுமே இயங்கும். டிசம்பர் பின்பாதியில் திறந்து, பனி கரையாமல் இருந்தால் மே தொடக்கம் வரை ஓடும். நம்பிப் போகக்கூடிய காலம் ஜனவரி நடுவிலிருந்து மார்ச் முதல் வாரம்.

அங்கே பனி தவறாமல் விழுவதற்குக் காரணம் உண்டு. சைபீரியாவிலிருந்து வரும் குளிர்காற்று ஜப்பான் கடலைக் கடக்கும்போது ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து எச்சிகோ மலைகளில் மோதுகிறது, மேலேறிக் குளிர்ந்து அத்தனையையும் பனியாகக் கொட்டுகிறது. ஆண்டு முடிவில் கிளந்தானுக்கும் திரங்கானுவுக்கும் வெள்ளம் கொண்டுவருகிற வடகிழக்குப் பருவக்காற்றுக்குப் பின்னாலும் அதே சைபீரியக் குளிர்தான் நிற்கிறது. அது தென்சீனக் கடலில் ஈரம் ஏந்துகிறது, இது ஜப்பான் கடலில். மலைக்கு இந்தப் பக்கம் தோக்கியோவில் வெயில் காயும். 22 கிலோமீட்டர் தாய்ஷிமிசு சுரங்கத்துக்குள் ரயில் நுழைந்து மறுபக்கம் வந்தால் கூரை உயரத்துக்குப் பனி கிடக்கும். ஆகவே தோக்கியோ வானத்தைப் பார்த்துவிட்டு எதையும் முடிவுகட்டாதீர்கள்.

கடலை ஒட்டி விழும் பனி என்பதால் அதில் ஈரம் அதிகம். ஊருக்குள் பகல் வெப்பம் பெரும்பாலும் பூச்சியத்தை ஒட்டியே நிற்கும். கொரியா மாதிரி மைனஸ் 10இல் வறண்ட குளிர் இல்லை. யுசாவாவில் ஆளை வீழ்த்துவது நனைந்த துணிதான். இன்னொன்று, ஊர்ச் சாலைகளில் பனியைக் கரைக்க நிலத்தடி நீரைச் சாலைக்குள் பதித்த குழாய்களிலிருந்து பீய்ச்சிக்கொண்டே இருப்பார்கள். இரும்புச் சத்து படிந்து சாலையெல்லாம் செம்பழுப்பாக இருக்கும், ஓரமெல்லாம் கரைந்த பனிக்கூழ். கேன்வாஸ் சப்பாத்து போட்டவருக்கு விடுதி வாசலுக்குப் போய்ச் சேருவதற்குள் காலுறை நனைந்துவிடும்.

நாள் பார்க்கும்போது ஜப்பானியர் விடுமுறைகளைத் தவிருங்கள்: புத்தாண்டு வாரம், ஜனவரி இரண்டாவது திங்களை ஒட்டிய வாரக்கடைசி, பிப்ரவரி 11, பிப்ரவரி 23. சீனப் பெருநாள் வாரத்தில் நம் பக்கத்து விமானக் கட்டணமும் ஏறிவிடும்.

ஈப்போ ரயில்:
பயணக் கணக்கை நான் சொல்கிறேன். லீவை வெள்ளிக்கும் திங்களுக்கும் வைத்துக்கொண்டு, வியாழன் அரை நாள் கூடுதலாகக் கேட்டு, பகலில் சுங்கை சிப்புட்டில் இடிஎஸ் மின்ரயில் ஏறுங்கள். எல்லா வண்டியும் நிற்காது, நேரம் பொருந்தாவிட்டால் ஈப்போவுக்குப் போய் ஏறுங்கள். கேஎல் சென்ட்ரலில் இறங்கி கேஎல்ஐஏ எக்ஸ்பிரஸ் மாறினால் முதல் முனையத்துக்கு 28 நிமிடம், இரண்டாவதற்கு 33 நிமிடம். மூட்டை முடிச்சோடு மாற வேண்டாம் என்றால் ஈப்போ அமான்ஜெயா பேருந்து நிலையத்திலிருந்து விமான நிலையத்துக்கே நேர் பேருந்து உண்டு. எதில் போனாலும் விமானத்துக்கு நாலு மணி நேரம் முன்னால் முனையத்தில் நிற்கிற மாதிரி பாருங்கள்.

இரவு விமானம், சுமார் 7 மணி நேரம், ஜப்பான் நேரம் நம்மைவிட ஒரு மணி முன்னால். வெள்ளி காலை இறங்கி அன்றே யுசாவா போய்விடுங்கள். சனிக்கிழமை காலைதான் தோக்கியோக்காரர்கள் பலகையும் கையுமாக ரயிலை நிரப்புவார்கள், அந்தக் கூட்டத்தில் அம்மாவை ஏற்ற வேண்டாம். சனி முழு நாள் பனி, ஞாயிறு பிற்பகல் தோக்கியோ, இரவு விமானம், திங்கள் காலை கோலாலம்பூர்.

ரயில் டிக்கெட்டில் ஒரு கணக்கு. தோக்கியோ வைட் பாஸ் என்று மூன்று நாள் பாஸ், பெரியவருக்கு 15,000 யென், 6 முதல் 11 வயதுக்குப் பாதி. உங்கள் மகளுக்கு முழுக்கட்டணம்தான். தோக்கியோவிலிருந்து காலா யுசாவாவுக்கு ஒரு வழி ஏறக்குறைய 6,500 முதல் 7,000 யென். தோக்கியோவின் இரண்டு விமான நிலையங்களில் நரித்தாவில் இறங்கினால் விமான நிலைய விரைவு ரயிலுக்குப் போக வர இன்னொரு 6,000. மொத்தம் 19,000க்கு மேல் போகிறது, பாஸ் லாபம். ஹனேடாவில் இறங்கினால் மோனோரயில் மலிவு என்பதால் பாஸால் பெரிய மிச்சம் இல்லை. மூன்று நாளும் தொடர்ச்சியாக எண்ணப்படும், வெள்ளி-சனி-ஞாயிறுக்குச் சரியாக இருக்கும். கட்டணம் ஏறியிருக்கிறதா என்று வாங்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

மலேசிய மின்கடப்பிதழுக்கு ஜப்பானில் 90 நாள் வரை விசா வேண்டாம். அம்மாவுக்குக் குடிமக்களுக்கான நீல அடையாள அட்டைதானே? தோட்டத்தில் பிறந்து வளர்ந்தும் இன்னும் குடியுரிமை இல்லாமல், நிரந்தரவாசிக்கான சிவப்பு அட்டையோடு இருக்கிற பெரியவர்கள் நம் பக்கத்தில் உண்டு. சிவப்பு அட்டைக்கு மலேசியக் கடப்பிதழ் கிடையாது, எனவே இந்த விசா விலக்கும் பொருந்தாது. விமான டிக்கெட் எடுக்கும் முன் பார்க்க வேண்டியது இது.

தோட்டத்து மகன்:
அம்மாவுக்கு நீல அட்டைதான், நன்றி அண்ணே. துணி விஷயம்? ஐந்து பேருக்கும் புதிதாக வாங்கினால் கட்டுப்படியாகாது.

துணிப்பெட்டி:
தம்பி, பண்டல் கடைக்குப் போங்கள். ஜப்பானிலிருந்தும் கொரியாவிலிருந்தும் வருகிற பழைய சறுக்கு ஜாக்கெட்டுகள் நம் ஊர்ப் பண்டல் கடைகளில் குவிந்து கிடக்கின்றன, இங்கே குளிர் இல்லாததால் விலையும் குறைவு. ஆனால் பார்த்து எடுக்க வேண்டும். நம் வெக்கையிலும் ஈரத்திலும் நீர்புகாப் பூச்சு ஒவ்வொரு பிணைப்பாக உடைந்து கெட்டுப்போகும். ஜாக்கெட்டை உள்பக்கம் திருப்பித் தடவுங்கள். பிசுபிசுவென்று ஒட்டினாலோ, வெள்ளைச் செதில் உதிர்ந்தாலோ, தையல் மேல் ஒட்டிய பட்டை எழும்பி நின்றாலோ வைத்துவிடுங்கள், அதைச் சரிசெய்ய முடியாது. வீட்டுக்குக் கொண்டுவந்ததும் தோள்பட்டையில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றி ஐந்து நிமிடம் விட்டு உள்பக்கம் தொட்டுப் பாருங்கள்.

சப்பாத்தில் இதைவிட மோசம். அலமாரியில் வருடக்கணக்கில் கிடந்த பூட்ஸின் நடு அடிப்பாகம் பாலியூரித்தேன் நுரையாக இருந்தால் வெளியே புதிது மாதிரியே பளபளக்கும், பனியில் இறங்கி நடந்த ஒரு மணி நேரத்தில் கேக் மாதிரி பொடிந்து அடிப்பாகம் தனியாகக் கழன்றுவிடும். காற்றில் உள்ள ஈரமே அந்த நுரையை உள்ளிருந்து அறுக்கிறது. குதிகால் பக்கத்துக் கட்டை விரலால் அழுத்துங்கள். வெடிப்புக் கோடு தெரிந்தாலோ மாவு உதிர்ந்தாலோ பயணத்துக்கு ஆகாது. அங்கே போய் ஏமாறாமலிருக்க, கிளம்பும் முன் வாரத்தில் மூன்று நாளாவது அதைப் போட்டு நடந்து பாருங்கள். கெட்டது இங்கேயே கெடட்டும்.

மூன்று அடுக்கு போதும். உடம்பை ஒட்டி மெரினோ கம்பளி அல்லது பாலியெஸ்டர், அதன்மேல் பிளீஸ் என்கிற பஞ்சுபோன்ற செயற்கை நூல் சட்டை, வெளியே நீர்புகாத ஜாக்கெட்டும் கால்சட்டையும். துணி எவ்வளவு நீரழுத்தம் தாங்கும் என்று காட்டுகிற நீர்த்தாங்கு எண் 10,000 மி.மீ. இருந்தால் யுசாவா ஈரத்தில் ஒரு நாள் தாங்கும். அதற்குக் கீழே இருந்தால் பனியில் உட்கார்ந்து எழும் இடம்தான் முதலில் ஊறும். பருத்தி எந்த அடுக்கிலும் வேண்டாம், பனியன் உட்பட. தண்ணீர் வெப்பத்தைக் காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் வேகமாகக் கடத்தும். பருத்தி வியர்வையைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ஓடும்போது சூடாக இருக்கும், நின்றதும் நடுக்கம் பிடிக்கும். பையன் ஜீன்ஸ் போட்டுப் பனியில் முட்டி போட்டால் அரை மணியில் அழுவான்.

வெளியுடையும் சறுக்குப் பூட்ஸும் அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும். குல்லா, கையுறை, கண்ணாடி ஆகியவற்றைப் பெரும்பாலும் வாடகைக்குத் தரமாட்டார்கள், வாங்கித்தான் ஆக வேண்டும், அங்கே விலை கூட. இவற்றை இங்கிருந்தே கொண்டுபோங்கள். கையுறை மட்டும் ஆளுக்கு இரண்டு ஜோடி. பின்னிய நூல் கையுறை பனி உருண்டை பிடித்ததும் ஊறிவிடும்.

லயத்து வீடு:
அக்கா, தோட்டத்தில் போடுகிற ரப்பர் பூட்ஸைக் கொண்டுபோனால்? அம்மா சேலை தவிர வேறு உடுத்தமாட்டேன் என்றால்?

துணிப்பெட்டி:
ரப்பர் பூட்ஸ் கெட்ட யோசனை இல்லை. அங்கே பனி அள்ளுகிறவர்களும் நீண்ட ரப்பர் பூட்ஸ்தான் போடுகிறார்கள். ஆனால் அவர்களுடையது குளிருக்கென்று செய்தது. நம் கடைகளில் விற்பது பெரும்பாலும் பிவிசி. அது குளிரில் விறைத்துப்போகும், பனிக்கட்டியில் பிடிக்காது. இயற்கை ரப்பர் அந்தக் குளிரிலும் வளைந்து கொடுக்கும், அடியில் ஆழமான வெட்டு இருந்தால் பிடிமானமும் நல்லது. ஒரு அளவு பெரியதாக எடுத்து, உள்ளே கம்பளிக் காலுறையும் பாதத்துக்கு அடியில் ஒரு திண்டும் வையுங்கள். காலுறை இரண்டு போட்டு இறுக்கினால் இரத்தம் ஓடாது, விரல் இன்னும் குளிரும்.

சேலைக்கு ஒரு வழி: உள்ளே உடம்பை ஒட்டிய தெர்மல் உள்ளாடை, மேலே பனிக் கால்சட்டை, பெரிய ஜாக்கெட். கண்டோலாவில் ஏறி மேல் மாடத்துக்குப் போய்க் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு வருவதென்றால் சேலையோடேயே போகலாம், கீழ்க் கரை பனியில் புரளாதபடி உயர்த்திக் கட்டினால் சரி. கம்பியில் தொங்கி மலையேற்றும் லிப்ட் நாற்காலியில் முந்தானை, துப்பட்டா, நீளக் கழுத்துத் துண்டு எதுவும் கூடாது. நாற்காலியில் சிக்கினால் கழுத்தை இழுக்கும். கழுத்துக்குக் குழாய் மாதிரி மாட்டிக்கொள்கிற துணி வாங்குங்கள். மனைவி மெட்டி போட்டிருந்தால் பூட்ஸ் போடும் முன் கழற்றிவிடச் சொல்லுங்கள். சறுக்குப் பூட்ஸின் கெட்டி ஓட்டுக்குள் மெட்டி பக்கத்து விரலை நசுக்கும், வீக்கம் வந்துவிட்டால் பூட்ஸைக் கழற்றினாலும் மெட்டி கழறாது.

மருந்துக்கடை:
அம்மாவைப் பற்றி யாரும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். இன்சுலின் உறைந்தால் வீண், உருகிய பின்னும் வேலை செய்யாது. பெட்டியில் வைத்து விமானத்தின் அடியில் போடாதீர்கள், கைப்பையில் மருத்துவர் கடிதத்தோடு வையுங்கள். மலையில் ஜாக்கெட்டுக்கு உள்பக்கப் பையில், உடம்புச் சூட்டில் இருக்கட்டும். சர்க்கரை பார்க்கும் கருவி பெரும்பாலும் 10 பாகைக்குக் கீழே பிழை காட்டும் அல்லது ஓடாது, ஓய்வறைக்குள் வந்து கையைச் சூடாக்கிக்கொண்ட பின் பாருங்கள்.

சர்க்கரை இறங்கினாலும் நடுக்கம், குளிர் ஏறினாலும் நடுக்கம். இரண்டிலும் பேச்சு குழறும். பனியில் நடந்தால் சர்க்கரை வழக்கத்தைவிட வேகமாக இறங்கும். அம்மா நடுங்கினால் குளிர்தானே என்று விட்டுவிடாமல் உள்ளே கூட்டிவந்து சோதியுங்கள். குளுக்கோஸ் மிட்டாய் அவர் கைக்கு எட்டும் பையிலேயே இருக்கட்டும்.

அடுத்தது கால். நரம்பு மரத்த காலுக்குக் குளிரும் தெரியாது, சூடும் தெரியாது. ஜப்பானில் எங்கும் விற்கிற ஒட்டுச் சூட்டுப் பைகளில் இரும்புத்தூள் காற்றோடு சேர்ந்து 50 பாகைக்கு மேல் சூடேறும். அதைத் தோலில் நேராக ஒட்டினால் மெதுவாக வெந்துவிடும். அம்மாவின் பாதத்தில் வேண்டவே வேண்டாம். இடுப்புக்குப் பின்னால் துணிக்கு மேல் ஒட்டலாம், தூங்கும்போது எடுத்துவிட வேண்டும். யுசாவாவில் கால் நனைக்கும் வெந்நீர்த் தொட்டிகள் உண்டு. அம்மா கால் வைக்கும் முன் நீங்கள் முழங்கையால் சூடு பாருங்கள். இரவில் பாதத்தைத் திருப்பிப் பார்த்துக் கொப்புளம் இருக்கிறதா என்று கவனியுங்கள்.

காதோ மூக்கோ விரல் நுனியோ வெளுத்து மெழுகு மாதிரி ஆகி உணர்ச்சி போனால் உடனே உள்ளே வந்து, அக்குளில் வைத்தோ 37 முதல் 39 பாகை வெதுவெதுப்பான நீரிலோ சூடாக்குங்கள். பனியால் தேய்க்காதீர்கள். கோடாலித் தைலம் தடவாதீர்கள், உள்ளே சூடேறாமலே எரிச்சல் மட்டும் தெரியும், உணர்ச்சி வந்துவிட்டதாக ஏமாந்துபோவீர்கள். முகத்துக்கு வாசலின் போதும். தேங்காய் எண்ணெய் போத்தலில் உறைந்துகொள்ளும். புதுப் பனி புற ஊதாக் கதிரில் 80 விழுக்காடு வரை திருப்பி அடிக்கும். மேகமூட்டமாக இருந்தாலும் வெயில் களிம்பு போடுங்கள், மூக்கின் அடிப்பக்கமும் சேர்த்து.

பத்துகாஜா:
சாப்பாடு பற்றிச் சுருக்கமாக. மலை உணவகங்களில் கறி ரைஸ் என்று நம்பி வாங்காதீர்கள், ஜப்பானியக் கறிக்கட்டிகளில் மாட்டுக் கொழுப்போ பன்றிக் கொழுப்போ இருப்பது வழக்கம். சைவக்காரர்களுக்கு உடோன் சூப்பிலும் மீன் சாறு இருக்கும். இறைச்சி எந்த வடிவத்திலும் ஜப்பானுக்குள் விடமாட்டார்கள், செருண்டிங் என்கிற இறைச்சித் துருவல் உட்பட. நெத்திலி சம்பல், புளியோதரை விழுது, ஊறுகாய் கொண்டுபோகலாம். வெள்ளைச் சோறு கன்வீனியன்ஸ் கடைகளில் வாங்கினால் சூடாக்கித் தருவார்கள்.

வீட்டு ரைஸ் குக்கர், கெட்டில் கொண்டுபோகாதீர்கள். அங்கே 100 வோல்ட். நம் 240 வோல்ட் கெட்டில் அதில் ஆறில் ஒரு பங்குச் சூடுதான் தரும், தண்ணீர் கொதிக்க நெடுநேரம் ஆகும். கைப்பேசி சார்ஜரில் 100-240 என்று போட்டிருந்தால் தட்டை முள் மாற்றி மட்டும் போதும்.

வெள்ளிமலை:
இனி பையனுக்கு. முதல் நாளே காலில் ஸ்கீ என்கிற நீளச் சறுக்குக் கட்டையை மாட்டாதீர்கள். வெள்ளிக்கிழமை மாலை விடுதிப் பக்கம் பனியில் நடக்கவிடுங்கள்: சிறு அடி, பாதம் முழுவதும் பதிய, கை சட்டைப் பைக்கு வெளியே. கூரை ஓரத்தில் நிற்க வேண்டாம், மேலே தேங்கிய பனி மொத்தமாகச் சரியும்.

சனி காலை முதலில் பனிச்சறுக்குப் பலகை, அதாவது உட்கார்ந்து போகிற ஸ்லெட். இரண்டு குதிகாலும் பக்கவாட்டில், நிறுத்த குதிகாலை அழுத்த வேண்டும், தலை முன்னால் வைத்துப் படுத்துப் போகக்கூடாது. மேலே அதற்கென்று வேலி போட்ட இடம் உண்டு. அம்மாவுக்குச் சறுக்காதவர்களுக்கான கண்டோலா டிக்கெட் தனியாக எடுங்கள், முழு லிப்ட் டிக்கெட் வீண்.

பிறகு இரண்டு மணி நேர ஸ்கீ வகுப்பு, பையனுக்கும் மகளுக்கும். பூட்ஸ் தேர்வில் நிதானம் வேண்டும். மெல்லிய நீளக் காலுறை ஒன்றே ஒன்று, தெர்மல் கால்சட்டையின் நுனி பூட்ஸுக்குள் போகக்கூடாது. அந்த மடிப்புதான் கணுக்காலில் தோலை உரிக்கும். காலை நுழைத்ததும் குதிகாலைப் பின்னால் தட்டி உட்காரவைத்து, பிறகு கொக்கி மாட்டுங்கள். நிமிர்ந்து நின்றால் விரல் நுனி லேசாகத் தொட வேண்டும், முட்டியை முன்னால் மடக்கினால் விலக வேண்டும். ஸ்கீயின் நீளம் அவன் நெஞ்சுக்கும் தாடைக்கும் நடுவில். வாடகைப் படிவத்தில் எடையைச் சரியாக எழுதுங்கள். விழும்போது ஸ்கீ கழன்றுகொள்ளும் இறுக்கத்தை எடை, உயரம், வயது, பூட்ஸ் நீளம் பார்த்துத்தான் வைக்கிறார்கள். கூட்டி எழுதினால் கழலாமல் முட்டி திருகும், குறைத்தால் சும்மாவே கழன்று விழுவான்.

புதியவர்கள் எல்லாரும் பயத்தில் பின்னால் சாய்கிறார்கள். பின்னால் சாய்ந்தால் ஸ்கீயின் முன்பக்கம் பிடியிழந்து வேகம் இன்னும் கூடும். கணுக்காலை மடக்கி, பூட்ஸின் முன் நாக்கில் கணைக்கால் எலும்பு அழுந்த நிற்கவேண்டும். முனை இரண்டையும் நெருக்கி வால் இரண்டையும் அகட்டினால் வேகம் குறையும், ஆசிரியர்கள் குழந்தைகளுக்குப் பீட்சாத் துண்டு என்று சொல்லிக்கொடுப்பார்கள். கட்டுப்படாவிட்டால் பக்கவாட்டில் உட்காரச் சொல்லுங்கள். எழும்போது ஸ்கீயைச் சரிவுக்குக் குறுக்கே வைத்துவிட்டு எழ வேண்டும், இல்லாவிட்டால் எழுந்ததும் கிளம்பிவிடும்.

மதியம் 2 மணிக்கு மேல் கால் தளரும், பனியும் குழையும். அடிபடுவது பெரும்பாலும் அப்போதுதான். இன்னும் ஒரே ஒரு தடவை என்று கேட்டாலும் விடாதீர்கள். பயணக் காப்புறுதியில் ஸ்கீ அடங்குமா என்று பாருங்கள், பல திட்டங்களில் குறியிட்ட பாதைக்குள் சறுக்கினால்தான் செல்லும்.

லயத்து வீடு:
அங்கே கார் எடுத்து ஓட்டினால் அம்மாவுக்கு வசதியாக இருக்காதா?

ஈப்போ ரயில்:
வேண்டாம். நம் சாலைப் போக்குவரத்து இலாகா ஜேபிஜே தரும் அனைத்துலக லைசன்ஸ் இருந்தால் சட்டப்படி ஓட்டலாம், ஆனால் பனிக்கட்டிச் சாலையில் பிரேக் பிடிப்பது நம் மழைச் சாலை அனுபவத்துக்குள் அடங்காது. நிலையத்திலிருந்து விடுதிக்குப் பேருந்தும் டாக்சியும் போதும்.

தோட்டத்து மகன்:
எல்லாருக்கும் மிக்க நன்றி. யுசாவா என்று முடிவு செய்துவிட்டோம். கடைசியாக ஒன்று: சனி இரவு நனைகிற கையுறையும் பூட்ஸும் ஞாயிறு காலைக்குள் காயுமா?

துணிப்பெட்டி:
காயும், அவசரப்படாவிட்டால். விடுதியில் உலர்த்தும் அறை இருக்கிறதா என்று முன்பதிவின்போதே கேளுங்கள், பனி ஊர் விடுதிகள் பலவற்றில் உண்டு. இல்லாவிட்டால் பூட்ஸின் உள் திண்டை வெளியே எடுத்து, உள்ளே செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, இரண்டு மணிக்கு ஒருமுறை மாற்றுங்கள். மூன்றாவது தடவைக்குள் ஈரம் பெரும்பாலும் வெளியே வந்துவிடும். கையுறையைப் புறம் திருப்பி, விரல் மேல்நோக்கி நிற்க வையுங்கள். ஹீட்டர் மேல் நேராக வைக்காதீர்கள், பூட்ஸின் பசை இளகி அடிப்பாகம் விட்டுப்போகும்.